மதுரையில் நவீன எலெக்ட்ரிக் கிடார் கட்டுவது: பாகங்கள் வாங்குவது முதல் கடைசி செட்டப் வரை

கிடார் கட்ட நினைக்கும் பெரும்பாலானோர் முதலில் பாடியின் வடிவத்தை வரைகிறார்கள், அடுத்து பலகை வாங்குகிறார்கள், கடைசியில்தான் பிரிட்ஜ் (பாடியின்மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) வாங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். பிரிட்ஜின் உயரம்தான் நெக் (கிடாரின் கழுத்து) எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லும். நெக்கின் மையக்கோடுதான் மற்ற எல்லாம் எங்கே வரும் என்று சொல்லும். பாடியின் வெளிவடிவம் கடைசி விஷயம்.

இங்கே கட்டப்போவது 6 தந்தி, 24 ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி), 648 மி.மீ. ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), போல்ட்டால் பாடியோடு பூட்டும் நெக், ஸ்டெயின்லெஸ் ஃபிரெட், கார்பன் பட்டை போட்ட நெக், இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்). ரவுட்டர் மெஷினும் இழைப்புளியும் கையாளத் தெரிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. ஹெட்லெஸ் (தலைப்பகுதி இல்லாதது), விசிறி ஃபிரெட் (விசிறிபோல் சாய்ந்து விரிவது) இரண்டையும் முதல் கிடாரில் தொடாதீர்கள். இரண்டிலும் ஒரு அளவு பிசகினால் மற்ற எல்லா அளவும் அதோடு போய்விடும்.

## 1. எந்த மாதத்தில் எந்த வேலை

மதுரையில் கட்டும்போது நாட்காட்டியும் ஒரு கருவிதான். பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தில் இருக்கும்போது மரத்துக்குள் 7 முதல் 8 சதவீதம் ஈரம் நிற்கும். அது 65 சதவீதத்துக்கு ஏறினால் மரத்தின் ஈரம் 11, 12க்குப் போகும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நெக் வளைகிறது, ஃபிரெட் முனை துருத்துகிறது.

ஆகவே மழை மாதங்களில் வரைபடம், பாகங்கள், டெம்ப்ளேட் வேலையை முடியுங்கள். தை, மாசியில் மரத்தை முரட்டு அளவுக்கு அறுத்து ஆறப்போடுங்கள். ஃபிரெட் அடிப்பது பங்குனி, சித்திரையில். காய்ந்த நிலையில் அடித்த ஃபிரெட்போர்டு (ஃபிரெட் பதிக்கும் பலகை) பிறகு உப்பத்தான் செய்யும், ஃபிரெட் முனை உள்ளேயே இருக்கும். மழைக்காலத்தில் அடித்தால் அடுத்த கோடையில் போர்டு சுருங்கி, 48 முனைகளும் விரலைக் கீறும்.

பூச்சு வேலை வைகாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் தூசி இல்லாமல் ஸ்பிரே அடிப்பது நடக்காது. ஏ.சி. அறையில் ஈரப்பத மானி வைத்து 45 முதல் 50 சதவீதத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு தளரும். ஆனால் மரமும் அந்த அறையிலேயே குடியிருக்க வேண்டும், வராந்தாவில் அல்ல.

## 2. மரத்துக்கு முன் வாங்க வேண்டியவை

கீழே உள்ளவை எல்லாம் மேசைமேல் வந்து சேர்ந்த பிறகே வரைபடம். இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள்.

- அசையாத பிரிட்ஜ் 1, தந்தி இடைவெளி 10.5 மி.மீ. (முதல் தந்தியிலிருந்து ஆறாவது வரை 52.5)
- லாக்கிங் டியூனர் (தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் சுருதித் திருகு) 6, தண்டு உயரம் படிப்படியாகக் குறையும் வகை
- இருபுறமும் வேலை செய்யும் டிரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே போடும் கம்பி) 1, சுமார் 440 முதல் 460 மி.மீ. நீளம்
- கார்பன் ஃபைபர் பட்டை 2, 3 × 6 மி.மீ. குறுக்களவு
- ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் கம்பி 1.8 மீட்டர், தலை அகலம் 2.7, உயரம் 1.2 மி.மீ.
- எம்5 திரெடட் இன்செர்ட் (போல்ட் ஏற மரத்தில் பதிக்கும் உலோகக் குழல்) 4, அதற்கான ஸ்டெயின்லெஸ் போல்ட் 4
- ஹம்பக்கர் 2, 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் திருகு) 2, சுவிட்ச், ஜாக், 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 1
- ஒட்டும் பக்கமும் மின்சாரம் கடத்தும் காப்பர் ஃபாயில் டேப்

தண்டு உயரம் குறையும் டியூனரை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரான ஹெட்ஸ்டாக்கில் (டியூனர் இருக்கும் தலைப்பகுதி) முதல் இரண்டு தந்திகள் நட்டில் (தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளம் வெட்டிய துண்டு) அழுத்தம் இல்லாமல் கிடக்கும். அதைச் சரிசெய்ய ஹெட்ஸ்டாக்கில் தந்தியைப் பிடித்து இழுக்கும் ஒரு கொக்கி வைப்பார்கள், அந்த இடத்தில் உராய்ந்து டியூனிங் நழுவும். தண்டு தாழ்ந்தால் கொக்கியே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் இங்கே ஆடம்பரம் அல்ல. நம் ஊர் வியர்வையில் நிக்கல் சில்வர் ஃபிரெட் பச்சை பிடிக்கும், தந்திக்கு அடியில் சீக்கிரம் பள்ளம் விழும். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸை வெட்ட சாதாரண கட்டிங் பிளேயர் ஆகாது, வாய் உடைந்துபோகும். அதற்கென்ற நிப்பரும், தேயத் தயாரான இரண்டு அரமும் கணக்கில் சேருங்கள்.

## 3. முழு அளவு வரைபடம்

1:1 அளவில் வரைய வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடைகளில் பெரிய தாளில் எடுக்கலாம், ஆனால் அச்சு அரை சதவீதம் நீண்டோ சுருங்கியோ வரும். 500 மி.மீ. கோடு ஒன்றை வரைபடத்தில் போட்டு, அச்சில் எஃகு ஸ்கேலால் அளந்து பார்க்காமல் எதையும் மரத்துக்கு மாற்றாதீர்கள். நூல் கணக்கு இங்கே உதவாது. அரை நூல் என்பதே ஒன்றரை மி.மீ.க்கு மேல், கிடாரில் அது மலை.

மையக்கோடு. முதலில் ஒரே ஒரு நேர்கோடு. அதன்மேல் நட், அதிலிருந்து 648 மி.மீ. தள்ளி பிரிட்ஜ் கோடு. நட்டில் தந்திகளின் மொத்த அகலம் 36, பிரிட்ஜில் 52.5. இந்த இரண்டையும் இணைத்தால் ஓரத் தந்திகளின் பாதை கிடைக்கும். அந்தப் பாதைக்கு வெளியே நட்டில் 3.25, 24ஆம் ஃபிரெட்டில் 3.5 மி.மீ. விட்டால் போர்டு அகலம் நட்டில் 42.5, முடிவில் 55.5 சுமாராக வரும்.

ஃபிரெட் இடங்கள். மீதி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுப்பதுதான் சூத்திரம். ஆனால் அளப்பதை எப்போதும் நட்டிலிருந்தே அளங்கள், முந்தைய ஃபிரெட்டிலிருந்து அல்ல. 0.2 மி.மீ. பிசகு 24 முறை கூடினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. சரிபார்க்கச் சில இடங்கள்: 1ஆம் ஃபிரெட் 36.37, 5ஆவது 162.55, 7ஆவது 215.51, 12ஆவது 324.00, 19ஆவது 431.76, 24ஆவது 486.00. 12ஆம் ஃபிரெட்டில் 0.19 மி.மீ. தவறினால் சுருதி ஒரு சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகும், 24இல் 0.1 மி.மீ.யே போதும். மேலே போகப்போகத்தான் கவனம் கூட வேண்டும்.

உயரக் கணக்கு. அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், மெதுவாகப் போவோம். உங்கள் பிரிட்ஜின் சேடில் (தந்தி உட்காரும் சிறு துண்டு) பாடிக்கு மேல் 10 முதல் 14 மி.மீ. வரை ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். நடு உயரம் 12. தந்தி 12ஆம் ஃபிரெட்டில் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டுமானால், பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் ஃபிரெட் தளத்துக்கு மேல் சுமார் 2.8 மி.மீ. இருக்கும். ஃபிரெட் உயரம் 1.2.

12 − 2.8 − 1.2 = 8. ஃபிரெட்போர்டின் மேல்முகம் பாடிக்கு மேல் 8 மி.மீ. நிற்க வேண்டும். நெக்கின் அடிக்கட்டை போர்டோடு சேர்த்து 25 மி.மீ. என்றால், நெக் குழியின் ஆழம் 25 − 8 = 17.

இந்தக் கணக்கைப் போடாமல் எங்கோ பார்த்த 16 மி.மீ. குழியைத் தோண்டினால் என்ன ஆகும்? சேடிலை 13க்கு ஏற்றினால்தான் அதே தந்தி உயரம், அதாவது 1.6 ஆக்‌ஷன் கிடைக்கும், இன்னும் ஏற்ற 1 மி.மீ. மட்டுமே மிச்சம். பிரிட்ஜின் எல்லை 12இல் முடிந்தால் தந்தியை ஏற்ற வழியே இல்லை.

## 4. மரம்

நெக். மேப்பிள் இங்கே விளைவதில்லை. நல்ல மாற்று, ரேகை நேராக ஓடும் பழைய தேக்கு. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் உத்தரங்களும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், இனி பெரிதாக அசையாது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஆணி (சிறிய மெட்டல் டிடெக்டர் இருந்தால் பிளேடு பிழைக்கும்), கரையான் தின்ற பொந்து, முனையில் தெரியும் வளையக்கோடுகளின் திசை. அறுத்து எடுத்த பலகையின் குறுக்குவெட்டில் அந்தக் கோடுகள் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் ஈரம் மாறும்போது பலகை குவியும்.

ஒரே துண்டைவிட மூன்று துண்டு ஒட்டிய நெக் நல்லது. நடுத்துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் ஒன்று வளைய நினைக்கும் திசைக்கு மற்றது எதிராக நிற்கும். முரட்டு அளவு 700 × 75 × 25 மி.மீ.

பாடி. தேக்கு, மகாகனி, குமிழ், மலைவேம்பு, பலா எல்லாம் ஆகும். மலைவேம்பும் குமிழும் இலேசு, ஆனால் மலைவேம்பு மெத்தென்று இருப்பதால் நகம் பட்டாலே தழும்பு விழும். பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம், கிடாரிலும் ஏமாற்றாது. செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து டிப்போக்களில் 50 மி.மீ. பலகையாக அறுத்துத் தருவார்கள். வைரம் (மரத்தின் உள்பகுதி) மட்டும் எடுங்கள், வெள்ளை (வெளிப்பகுதி) கலந்த பலகையில் பூச்சி விழும்.

ஃபிரெட்போர்டு. ஈட்டி. 530 × 70 × 8 மி.மீ. துண்டு. காப்பில் உள்ள மரம், ரசீது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். 2017 முதல் ஈட்டி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரிலிருந்து முடிந்த இசைக்கருவிக்கு விலக்கு உண்டு, வெறும் பலகைக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்குக் கட்டுகிறீர்கள் என்றால் அனுப்பும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? "ரெண்டு வருஷம் காஞ்ச கட்டை சார்" என்று டிப்போவில் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, இருமுனைக்கும் பெயின்ட் பூசி, இடையில் 20 மி.மீ. சக்கை வைத்து அடுக்கி, வாரத்துக்கு ஒருமுறை தராசில் போடுங்கள். 10 கிலோ சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் அறைக்குப் பழகிவிட்டது. ஈரமானி இருந்தால் 8 முதல் 10 சதவீதம் பாருங்கள். ஆனால் எடை பொய் சொல்லாது, மலிவு ஈரமானி சொல்லும்.

பிறகு எல்லாத் துண்டையும் முடிவு அளவைவிட 3 மி.மீ. கூடுதலாக அறுத்து, இரண்டு வாரம் தொடாதீர்கள். அறுத்ததும் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு மரம் திரும்பும். திரும்பட்டும், பிறகு இழைக்கலாம்.

## 5. டெம்ப்ளேட்டும் சி.என்.சி.யும்

வாசல் கதவு, பூஜை அறைக் கதவு செதுக்கும் சி.என்.சி. (கணினியால் ஓடும்) ரவுட்டர் பட்டறைகள் இப்போது எங்கும் உண்டு. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் உலோக சி.என்.சி. வைத்திருப்பவர்கள் மரத்தூளுக்குப் பயந்து மரத்தைத் தொட மாட்டார்கள். கதவுப் பட்டறைக்கே போங்கள்.

நேரடியாக மரத்தைக் கொடுக்காமல் 12 மி.மீ. எம்.டி.எஃப்.பில் டெம்ப்ளேட் வெட்டச் சொல்லுங்கள். கதவு செதுக்கும் மெஷினுக்கு 0.3 மி.மீ. தளர்வு ஒரு குறையே அல்ல, நெக் குழிக்கு அது பெரிய ஓட்டை. முதலில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி, நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளங்கள். நெக் குழியின் டெம்ப்ளேட்டை வேண்டுமென்றே 0.3 மி.மீ. குறைவாக வெட்டச் சொல்லி, கையால் தேய்த்து நெக்குக்குப் பொருத்துங்கள். தேய்த்துப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சிறிதாக்க வழியில்லை.

6 மி.மீ. பிட் உள்மூலையில் 3 மி.மீ. வளைவு விடும். நெக்கின் அடிக்கட்டை மூலையையும் அதே வளைவுக்கு உருட்டிவிட்டால் உளி வேலை மிச்சம். ஃபிரெட் பள்ளத்தை மட்டும் இந்த மெஷின்களில் கொடுக்காதீர்கள், 0.6 மி.மீ. பிட் ஈட்டியில் பொட்டென்று ஒடியும். 3 மி.மீ. அக்ரிலிக்கில் லேசரால் பற்கள் வெட்டிய அளவுகோல் ஒன்று செய்து, கைரம்பத்தால் போடுங்கள்.

## 6. நெக் கட்டை

வெளிவடிவம் வெட்டும் முன், கட்டை சதுரமாக இருக்கும்போதே டிரஸ் ராட் பள்ளம். ரவுட்டரின் வேலி ஒட்டிப்போக நேரான விளிம்பு அப்போதுதான் இருக்கும். பள்ளத்தின் அகலமும் ஆழமும் உங்கள் கையில் உள்ள கம்பியின் அளவே. கம்பி முகத்தோடு சமமாக உட்கார வேண்டும், ஆடக் கூடாது. ஆடினால் குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் நெக்குக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு அதிர்வு கேட்கும், பிறகு எந்தத் திருகை முறுக்கினாலும் போகாது.

ஆழத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 1ஆம் ஃபிரெட்டில் நெக் மொத்தம் 20 மி.மீ., அதில் போர்டு 6, மரம் 14. பள்ளம் 9.5 என்றால் அடியில் 4.5 மிஞ்சும். பின்புறம் செதுக்கும்போது இது 3க்குக் கீழே போனால் கம்பி முறுக்கும் நாளில் பிதுங்கி வெளியே வரும்.

கார்பன் பட்டைகள் டிரஸ் ராடின் இருபுறமும், நடுவில் குறைந்தது 5 மி.மீ. மரம் விட்டு. 10–46 தந்தி ஏற்றினால் நெக்கை இழுப்பது சுமார் 46 கிலோ. அதைத் தாங்க டிரஸ் ராடே போதும். கார்பன் வேலை வேறு: மழைக்கும் வெயிலுக்கும் மரம் அசையும் அளவைக் குறைப்பது.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி. ஐந்து நிமிட வகை வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகும். கார்பனை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, பிறகு ஒட்டுங்கள். மின்னும் முகத்தில் எபாக்ஸி பிடிக்காது. தேக்குக்கும் இதே விதி. எண்ணெய்ப் பசை உள்ள மரம், அசிட்டோனில் துடைத்த அரை மணிக்குள் ஒட்டிவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

## 7. ஃபிரெட்போர்டு

வரிசை: பள்ளம், சரிவு வெட்டு, ஒட்டு, வளைவு. மாற்றக் கூடாது.

போர்டு செவ்வகமாக இருக்கும்போதே எல்லாப் பள்ளமும் போட வேண்டும். மூலமட்டம் வைக்க நேர் விளிம்பு தேவை. ரம்பத்தின் வெட்டு 0.6 மி.மீ. ஃபிரெட் கம்பியின் அடிநாக்கு, பக்கவாட்டு முள் இரண்டையும் அளந்து, ஒரு கழிவுத் துண்டில் சோதித்துப் பாருங்கள். கையால் அழுத்தி உள்ளே போனால் பள்ளம் பெரிது. சுத்தியலுக்கும் போகாவிட்டால் சிறிது. 24 ஃபிரெட்டையும் இறுக்கமான பள்ளத்தில் அடித்தால் ஆப்பு வைத்ததுபோல் நெக் பின்பக்கம் வளையும், டிரஸ் ராடின் பாதி பலம் அதை நிமிர்த்தவே செலவாகும்.

நெக்கில் போர்டை ஒட்ட ஃபெவிகால் வகைப் பசை வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் போர்டின் அடிமுகத்தை மட்டும் நனைக்கும், போர்டு வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். எபாக்ஸியே நல்லது. 1ஆம், 20ஆம் ஃபிரெட் பள்ளத்துக்குள் சிறு ஆணி ஒவ்வொன்று அடித்து, தலையை வெட்டி வைத்தால் கிளாம்ப் முறுக்கும்போது போர்டு வழுக்காது. டிரஸ் ராட் மேல் மெல்லிய டேப் ஒட்டுங்கள், பசை உள்ளே இறங்கினால் கம்பி ஆயுளுக்கும் திரும்பாது.

வளைவு. நட்டில் 254 மி.மீ. ஆரம், 24ஆம் ஃபிரெட்டில் 406. கீழே கார்டு பிடிக்க உருண்டையாக, மேலே தந்தியை இழுத்து வாசிக்கத் தட்டையாக. ஒரே ஆரம் வைத்தால் மேல் ஃபிரெட்டுகளில் முதல் தந்தியை ஒரு முழுச் சுரம் இழுக்கும்போது அது வளைவின் முகட்டில் இடித்துச் சத்தம் அறுந்துபோகும். இந்த இரண்டு ஆரங்களைத் தேர்ந்ததில் இன்னொரு லாபம்: விளிம்பு நடுவைவிட நட்டில் 0.89 மி.மீ., முடிவில் 0.95 மி.மீ. தாழும். அதாவது போர்டின் ஓரத் தடிமன் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக ஓடும்.

தேய்க்கும் விதம்: 500 மி.மீ.க்குக் குறையாத நேரான அலுமினியச் சட்டத்தில் 80 எண் உப்புத்தாள் ஒட்டி, ஒவ்வொரு தந்தியின் பாதையிலும் நீளவாக்கில் தள்ளுங்கள். மையக்கோட்டுக்கு இணையாகத் தள்ளினால் கூம்பு வராது, உருளைதான் வரும். வளைவு வந்ததும் பள்ளங்களின் ஆழத்தை மறுபடி பாருங்கள், ஓரங்களில் குறைந்திருக்கும்.

## 8. பின்புறம் செதுக்குதல், பிறகு ஃபிரெட்

பின்புறத்தை முதலில் செதுக்கி, ஒரு வாரம் தொங்கவிடுங்கள். மரத்தைக் குடைந்தால் நெக் சிறிது அசையும். ஃபிரெட் அடித்துவிட்டுச் செதுக்குபவர்கள் அந்த அசைவை ஃபிரெட்டைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் அது தண்டனை. வாரம் கழித்து டிரஸ் ராடைத் தளர்த்தி நடுநிலையில் வைத்து, நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, போர்டை 220, 320 எண் தாளில் கடைசியாக ஒருமுறை சமப்படுத்துங்கள்.

கம்பியைப் போர்டின் ஆரத்தைவிட இறுக்கமாக வளைக்க வேண்டும், 200 மி.மீ. ஆரம் அளவுக்கு. ஸ்டெயின்லெஸ் நிமிர்ந்துகொள்ளும் குணம் உள்ளது. போதாமல் வளைத்தால் இரண்டு நாளில் முனை தூக்கும்.

பள்ளத்தின் மேல் விளிம்பை முக்கோண அரத்தால் ஒரே இழுப்பு இழுத்துச் சரிக்கவும். பிற்காலத்தில் ஃபிரெட்டைப் பிடுங்கினால் ஈட்டி செதில் செதிலாகப் பெயராது. அடிப்பது இரண்டு முனை முதலில், நடு கடைசியில். பித்தளை அல்லது நைலான் தலை சுத்தியல். காதைக் கொடுங்கள்: முதல் தட்டுகளில் 'டிங்' என்று உலோகம் பேசும், கம்பி முழுதாக உட்கார்ந்ததும் 'டொக்' என்று மரத்தின் சத்தம் வரும். அதற்குமேல் ஒரு அடி அடித்தாலும் நடுவில் பள்ளமாகி முனை மேலே வரும். தூக்கிய முனைக்கு மறுபடி அடி அல்ல மருந்து. எடுத்துக் கூடுதலாக வளைத்து, தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள்.

முனைகளை 35 பாகைச் சரிவில் அராவி, ஒவ்வொரு முனையின் இரண்டு மூலையையும் சின்ன அரத்தால் உருட்டுங்கள். ஒரு கிடாரின் தரத்தை வாங்குபவர் முதலில் உணர்வது இங்கேதான், மர வேலைப்பாட்டில் அல்ல. அரை நாள் ஒதுக்குங்கள்.

சமப்படுத்தும்போது ஃபிரெட் தலைகளில் மார்க்கர் மை பூசி, 320 தாள் ஒட்டிய சட்டத்தால் எல்லா மையும் லேசாகத் தொடும்வரை மட்டும் தேய்க்கவும். போர்டு சமமாக இருந்திருந்தால் நான்கைந்து இழுப்புக்கு மேல் வேண்டியிருக்காது. அதற்குமேல் வேண்டியிருந்தால் குறை போர்டில் இருக்கிறது.

## 9. பாடி

தேக்கில் கட்டினால் எடையைக் கணக்கிட்டே ஆக வேண்டும். பரப்பு சுமார் 1,000 சதுர செ.மீ., தடிமன் 4 செ.மீ. என்றால் 4 லிட்டர் மரம். லிட்டருக்கு 650 கிராம் வீதம் 2.6 கிலோ, பாடி மட்டும். மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தோள் தாங்காது. 34 மி.மீ. அடிப்பலகையில் 28 மி.மீ. ஆழத்துக்கு, மொத்தம் 200 சதுர செ.மீ. பரப்பில் அறைகள் குடைந்து, மேலே 6 மி.மீ. பலகை மூடினால் சுமார் 360 கிராம் குறையும். மையக்கோட்டின் இருபுறமும் 50 மி.மீ. அகலம் குடையாமல் விடுங்கள், நெக்கும் பிரிட்ஜும் அதில்தான் நிற்கின்றன. டிரெமோலோ பிரிட்ஜ் வைப்பதானால் 40 மி.மீ. பத்தாது, 44 வேண்டும்.

ரவுட்டரில் ஒரே தடவையில் 5 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். தேக்கில் உள்ள சிலிக்கா பிட்டின் கூரை மழுக்கும். மழுங்கிய பிட் ரேகையின் எதிர்த்திசையில் போனால் கொம்புப் பகுதியில் ஒரு சில்லு பெயர்த்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கிடாருக்கும் புதிய கார்பைட் பிட் எடுப்பது சிக்கனம்தான்.

நெக் குழி பொருத்தத்துக்குச் சோதனை: திருகு இல்லாமல் நெக்கை மாட்டி, நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி கூடவே வர வேண்டும். ஆனால் பூச்சு 0.15 மி.மீ. சேரும், ஸ்பிரே அடிக்கும்போது குழியை டேப்பால் மூட மறந்தால் நெக் உள்ளே போகாது. தட்டி ஏற்றினால் குழியின் ஓரம் விரியும்.

பிரிட்ஜ் துளை எப்போதும் கடைசியில். நெக்கை இறுக்கிய பிறகு, இரண்டு ஓரத் தந்திக்குப் பதில் நூல் கட்டி பிரிட்ஜ் வரை இழுங்கள். இரண்டு நூலும் போர்டின் இரு விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் ஓடும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். முதல் தந்தியின் சேடிலை அதன் முன் எல்லையிலிருந்து 2 மி.மீ. பின்னால் வைத்து, அது நட்டிலிருந்து 649.5 மி.மீ.யில் நிற்குமாறு குறியிடுங்கள். ஆறாவது தந்தி அதைவிட 3 மி.மீ. பின்னால் போகும், சேடிலுக்கு அந்த இடம் இருக்கிறதா பாருங்கள். தாளில் குறித்த இடத்தை நம்பி முன்கூட்டியே துளை போட்டவர்கள் அரிதாகத்தான் தப்புகிறார்கள். நெக் கால் பாகை திரும்பினாலே பிரிட்ஜ் அருகே மையக்கோடு விலகிவிடும்.

இன்செர்ட். நெக்கைப் பாடியோடு பூட்டும் மரத்திருகு நான்கைந்து முறை கழற்றி மாட்டினால் தளர்ந்துபோகும். எம்5 இன்செர்ட் தளராது. அதன் திருகு பற்கள் நீங்கலான விட்டத்தை அளந்து, நெக்கின் அடிக்கட்டையில் அதைவிட 0.3 மி.மீ. பெரிய துளை, 14 மி.மீ. ஆழம், வாயில் சிறு சரிவு. ஸ்க்ரூடிரைவரால் ஏற்றாதீர்கள், சாய்ந்து ஏறி பித்தளை வாய் உடையும். ஒரு எம்5 போல்ட்டில் இரண்டு இரும்பு நட்டைப் பூட்டி, டிரில் ஸ்டாண்டில் மாட்டி, கரன்ட் இல்லாமல் கையால் சுற்றி இறக்குங்கள்.

## 10. பூச்சுக்கு முன் ஒரு முழுப் பொருத்தம்

இந்தப் படியைத் தவிர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பூச்சில்லாத மரமாகவே எல்லாவற்றையும் மாட்டி, தந்தி ஏற்றி, டியூன் செய்து இரண்டு நாள் விடுங்கள். ஆக்‌ஷன் வருகிறதா, சேடில் நடு உயரத்தில் நிற்கிறதா, பட்டையில் தொங்கவிட்டால் ஹெட்ஸ்டாக் கீழே சாய்கிறதா? இப்போது எது தவறினாலும் உளியும் உப்புத்தாளும் போதும். பூச்சுக்குப் பிறகு அதே தவறு ஒரு மாத வேலை.

## 11. பூச்சு

நெக்கின் பின்புறத்துக்குக் கண்ணாடிப் பூச்சு வேண்டாம், வியர்வையில் கை ஒட்டும். மெல்லிய மேட் பி.யு. (பாலியூரித்தேன்) இரண்டு கோட் போதும். ஈட்டி போர்டுக்கு எதுவும் அடிக்கத் தேவையில்லை.

பாடிக்கு மர வேலைக்கான டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பி.யு. தேக்கின் எண்ணெய் இதை ஒழுங்காக இறுக விடாது. ஆகவே மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய கோட் முதலில். மெழுகு நீக்காத அரக்கு வாங்கினால் மேல்கோட் தோல்போல் உரியும். வைகாசி வெயிலில் தின்னர் பறந்து பரப்பு ஆரஞ்சுத் தோலாகும், மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்கி, காலை 9 மணிக்குள் அடித்து முடியுங்கள். மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் பால்போல் வெளுக்கும்.

டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்குப் பிரயோஜனமே இல்லை. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், திறந்த இடம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் படியைக் கார் பெயின்ட் பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## 12. வயரிங்

குழிகள் எல்லாவற்றிலும் காப்பர் டேப். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 5 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு 1 ஓமுக்குள் காட்டாவிட்டால் சந்திப்புகளில் ஈயம் வையுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு வயர் பாட்டின் முதுகுக்கு வர வேண்டும். தந்திகளை எர்த் செய்வது இதுதான். பிரிட்ஜ் திருகும் முன்பே அந்த வயருக்கான ஓட்டையைப் போட்டுவிடுங்கள்.

பாட்டின் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் பத்தாது. சூடு ஏற நேரம் எடுத்து, அதற்குள் உள்ளே உள்ள கார்பன் தடம் கருகும். 60 வாட், தடித்த நுனி, மூன்று விநாடி. முதுகை முதலில் உப்புத்தாளால் சுரண்டுங்கள்.

தந்தி ஏற்றும் முன் ஜாக்கில் மீட்டர் வைத்து, வால்யூமை முழுதும் திறந்து ஒவ்வொரு பிக்கப்பையும் அளங்கள். பிக்கப்பின் ஓம் அளவைவிடச் சற்றே குறைவாகக் காட்ட வேண்டும். எல்லையில்லாமல் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் எங்கோ ஒட்டியிருக்கிறது.

கடைசியில் ஆம்பில் போட்டால் உர்ரென்ற இரைச்சல் கேட்டு, தந்தியைத் தொட்டதும் குறைகிறதா? அது இயல்பு. தொட்டும் குறையாவிட்டால் பிரிட்ஜ் வயரைப் பாருங்கள். தொட்டதும் கையில் சுரீர் என்றால் கிடாரில் தேடாதீர்கள், பெரும்பாலும் வீட்டு பிளக்கின் எர்த் வேலை செய்யாததுதான் காரணம். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஆம்பைக் கழற்றி வைக்கவும். மைக் வாயில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

## 13. செட்டப்

இதற்கும் வரிசை உண்டு: நெக் வளைவு, நட், தந்தி உயரம், சுருதி. ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் மாறும், முன்னால் உள்ளவை அவ்வளவாக மாறாது.

டியூன் செய்த நிலையில் 1ஆம் ஃபிரெட்டையும் 24ஆம் ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து, 8ஆம் ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.15 முதல் 0.20 மி.மீ. வேண்டும். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பியபின் டியூன் செய்து பத்து நிமிடம் பொறுங்கள்.

நட்டில் 3ஆம் ஃபிரெட்டை அழுத்தும்போது 1ஆம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு தாள் நுழையும் வெளிச்சம், 0.05 முதல் 0.1. இதைவிட உயரமாக இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கார்டு எப்போதும் சுருதி தப்பும். புதியவர்கள் இதை பிரிட்ஜில் தேடிக்கொண்டிருப்பார்கள். நட் பள்ளத்தின் அடி டியூனர் பக்கம் சரிய வேண்டும், தந்தி ஃபிரெட்போர்டு பக்க விளிம்பில்தான் உட்கார வேண்டும்.

12ஆம் ஃபிரெட்டில் முதல் தந்தி 1.4, ஆறாவது 1.8 மி.மீ. பிறகு 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் ஹார்மானிக்கையும் (அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னால். புதிய தந்தியில்தான் இதைச் செய்ய வேண்டும். பழைய தந்தியில் சுருதி பார்ப்பது வீண் வேலை.

முதல் ஐப்பசி மழை பிடித்ததும் ஆக்‌ஷன் மாறியிருக்கும். அப்போது சேடிலைத் தொட வேண்டாம். 8ஆம் ஃபிரெட் இடைவெளியை அளந்து டிரஸ் ராடை மட்டும் திருத்துங்கள், எட்டில் ஒரு சுற்று பெரும்பாலும் போதும். பங்குனியில் அதே எட்டில் ஒரு சுற்று எதிர்ப்பக்கம் கேட்கும். எந்த மாதம், எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி கேஸுக்குள் போட்டுக் கொடுங்கள், வாங்கியவர் ஒவ்வொரு மழைக்கும் உங்களுக்கு ஃபோன் செய்ய வேண்டியிருக்காது.